கூடவே போகிற பாட்டு

அன்று காலை கடைக்குக் கிளம்பும்போது, என் வீட்டுக்காரர் வாசலில் நின்று செருப்பை மாட்டிக்கொண்டே, "கெடச்சிடுச்சு" என்றார்.

எது என்று நான் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் வருஷக்கணக்காகத் தேடிக்கொண்டிருந்தது ஒன்றே ஒன்றுதான். நூறு வருஷத்துக்கும் முன்னால் ஒரு இங்கிலீஷ்காரர் தன்னுடைய இசைக்குள் ஒளித்து வைத்த மெட்டு. அது எது என்று யாருக்கும் சொல்லாமலே அவர் செத்துப்போனார்.

"என்ன பாட்டுங்க அது? சொல்லுங்க."

"இப்ப சொன்னா அவசரத்துல கெட்டுப்போயிடும். மத்தியானம் வர்றப்ப உக்காந்து சொல்றேன். நெறைய சொல்லணும். உனக்குத்தான் மொதல்ல."

மத்தியானம் அவர் வரவில்லை. மரக்காணம் பஜாரில் எங்களுக்கு ஒரு பிளாஸ்டிக் சாமான் கடை இருக்கிறது. மேல் தட்டிலிருந்து ஒரு வாளியை எடுக்கக் கையைத் தூக்கியவர் அப்படியே சரிந்துவிட்டார். பக்கத்துக் கடைக்காரர்கள் தூக்கி வண்டியில் போட்டுப் பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மூளைக்குப் போகிற ரத்தக் குழாயில் அடைப்பு என்றார்கள். உயிர் தப்பியது. வலது கையும் வலது காலும் பாதிதான் திரும்பின. பேச்சு திரும்பவில்லை.

ஒரே ஒரு வார்த்தை மட்டும் மிச்சம் இருந்தது. "இல்ல." தண்ணீர் வேண்டுமா என்றால் இல்ல என்பார், தம்ளரை வாங்கிக் குடிப்பார். வலிக்கிறதா என்றாலும் இல்ல. உங்கள் பெயர் என்ன என்று டாக்டர் கேட்டார். அதற்கும் இல்ல. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "அவர் மறுக்கலம்மா. சொல்ல வர்ற வார்த்தை எல்லாம் வழியில நின்னுடுது. எத சொல்லப் பார்த்தாலும் இந்த ஒண்ணுதான் வெளிய வருது."

பிழைத்துக்கொண்டாரே, அல்ஹம்துலில்லாஹ் என்று வந்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். நானும் சொன்னேன். ஆனால் என் மனசு ஒரே இடத்தில் நின்றுகொண்டிருந்தது. எனக்கு முதலில் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அது எனக்கு வேண்டும். மற்ற பேச்சு எல்லாம் மெதுவாக வரட்டும், வராமலேகூடப் போகட்டும். அதை மட்டும் நான் கேட்டாக வேண்டும்.

அந்த மெட்டின் கதை எங்கள் வீட்டுக்கு மஸ்கட்டிலிருந்து வந்தது. அங்கே அவர் ஒரு இங்கிலீஷ்கார அம்மாவுக்கு டிரைவராக இருந்தார். அந்த அம்மா ஒரு பள்ளிக்கூடத்தில் இசை சொல்லிக்கொடுப்பவர். சாயங்காலம் ஒரு ஹாலில் நிறையப் பேர் கூடி ஒத்திகை பார்ப்பார்கள். வெயிலில் காருக்குள் எதற்கு வேகிறீர்கள், உள்ளே வந்து உட்காருங்கள் என்று அந்த அம்மா சொல்லியிருக்கிறார். ஏசிக்காகப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்த மனுஷன், அங்கேயே மாட்டிக்கொண்டார்.

அந்த இங்கிலீஷ்காரர் ஒரு சின்ன மெட்டை எடுத்துக்கொண்டு, அதையே பல விதமாக மாற்றி, ஒவ்வொன்றையும் தன் கூட்டாளி ஒருவருக்கென்று எழுதினாராம். பெண்சாதிக்கு ஒன்று. கதவைப் படாரென்று சாத்திவிட்டுப் போகிற ஒரு படபடப்புக்காரருக்கு ஒன்று. ஒரு கூட்டாளியின் நாய் ஆற்றில் விழுந்ததுகூட ஒன்றில் வருகிறதாம். எல்லாம் எழுதி முடித்த பிறகு, இது அத்தனைக்கும் கூடவே இன்னொரு பெரிய மெட்டு போய்க்கொண்டிருக்கிறது, ஆனால் அதை யாரும் வாசிப்பதில்லை என்று சொல்லி வைத்துவிட்டார். அது எது என்று கேட்டவர்களுக்கெல்லாம் மழுப்பினார். மழுப்பியபடியே போய்ச் சேர்ந்தார்.

அன்றிலிருந்து ஆளாளுக்கு விடை சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். வருஷக் கடைசியில் கைகோத்துப் பாடுகிற பாட்டு என்றார் ஒருவர். அவர்கள் நாட்டுப் பெருமையைப் பாடுகிற பாட்டு என்றார் இன்னொருவர். சர்ச்சில் பாடுவது, சின்னப் பிள்ளைகள் பாடுவது, பாட்டே இல்லை, அது வட்டத்தை அளக்கப் போடுகிற கணக்கு, கணக்கும் இல்லை, அது வெறும் சிநேகம். என் வீட்டுக்காரர் லீவில் வரும்போதெல்லாம் இந்த விடைகளை ஒவ்வொன்றாக எடுத்துவைத்து, ஏன் சரியில்லை என்று எனக்கு விளக்குவார். பெண்ணுக்கு வரன் பார்க்கிற வீட்டில் மாப்பிள்ளைகளைக் கழித்துக்கட்டுகிற மாதிரி இருக்கும். நான் கீரை ஆய்ந்துகொண்டே கேட்பேன். சில நாள் எரிச்சலும் வரும். "சம்பாரிக்கப் போன எடத்துல இது ஒரு வேலயா உங்களுக்கு?" என்பேன். அவர் சிரிப்பார்.

வேலையை முடித்துக்கொண்டு ஊரோடு வந்து கடை வைத்த பிறகு, பைத்தியம் இன்னும் கூடியது. செல்போனில் அந்த இங்கிலீஷ்காரரின் சின்ன மெட்டைப் போட்டு, போனை ஒரு காலி வாளிக்குள் வைப்பார். வாளிக்குள் வைத்தால் சத்தம் கணீரென்று வரும். பிளாஸ்டிக் சாமான் கடையில் வாளிக்கா பஞ்சம்? வருகிற ஆட்களை எல்லாம் நிறுத்தி வைத்துக் கேட்கச் சொல்வார். "இதுக்குக் கூடவே போற பாட்டு ஒண்ணு இருக்குது, யோசிச்சுச் சொல்லுங்க."

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு ஒரு மெட்டைக் கேட்டவுடனே வருகிற முதல் யோசனை, இது எங்கிருந்து சுட்டது என்பதுதான். டீக்கடைக்காரர் கொஞ்சம் கேட்டுவிட்டு, "பாய், இத நம்ம சினிமாக்காரன் அப்பவே சுட்டுட்டான்" என்று ஒரு பாட்டைப் பாடிக் காட்டினார். சலூன்காரர் வேறொரு படத்தைச் சொன்னார். கீழ்புத்துப்பட்டிலிருந்து சரக்கு எடுக்க வந்தவர், கோயில் திருவிழா நாதஸ்வரத்தில் இதே மெட்டைக் கேட்டிருப்பதாகச் சத்தியம் செய்தார். என் வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொள்வார்.

"டேய், அதே மாதிரி இருக்கற பாட்டு வேணாம்டா. வேற பாட்டு வேணும். அது ஒரு பக்கம் போவணும், இது ஒரு பக்கம் போவணும். ஒண்ணா ஓடணும், ஆனா இடிச்சுக்கக் கூடாது."

"ரெண்டு பாட்ட ஒண்ணா போட்டா சத்தந்தானே பாய் வரும்?"

அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. இரண்டு பாட்டு ஒரே நேரத்தில் ஓடுவது என்றால், எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் ஆடி மாசத்தில் ஒரு கோயில் ஸ்பீக்கரும் இன்னொரு கோயில் ஸ்பீக்கரும் எதிரெதிரே அலறுவதுதான். யாராவது ஒருவர் பாடினால் நாங்கள் அதிலேயே சேர்ந்துகொள்வோம். அதுதான் எங்களுக்கு மரியாதை. வேறொன்றைப் பாடிக்கொண்டே கூடப் போவது எங்கள் பழக்கத்தில் இல்லை.

இதற்கு நானே சாட்சி. அவர் ஒரு விடையைக் கண்டுபிடித்தால் சோதித்துப் பார்க்க என்னைத்தான் கூப்பிடுவார். வாளிக்குள் மெட்டு ஓடும். நான் அதன்மேல் அவர் சொல்கிற பாட்டைப் பாட வேண்டும். அனுமந்தைக் கடற்கரையில் வலை இழுக்கிறவர்கள் பாடுவதை ஒரு தடவை பதிவு செய்துகொண்டு வந்தார். ஒரு தடவை நிக்காஹ் வீட்டில் பெண்கள் பாடுவது. இன்னொரு தடவை, என் மகனைத் தூங்கவைக்க நான் பாடிய தாலாட்டு. ஆரம்பிப்பது நன்றாகத்தான் ஆரம்பிப்பேன். கொஞ்ச தூரம் போனதும் எனக்குத் தெரியாமலே வாளிக்குள் ஓடுகிற மெட்டில் போய்ச் சேர்ந்துகொண்டிருப்பேன். "ஐயோ, நீயும் அதையே பாடுறியே!" என்பார். அவர் பாடினாலும் அதே கதிதான். அதனால் எங்கள் விடைகளில் எது சரி, எது தப்பு என்று கடைசி வரை தெரிந்துகொள்ள முடியவில்லை. தாலாட்டு மட்டும், சோகமாகப் போகிற மெட்டு நடுவில் வெளிச்சமாக மாறுகிற இடத்தில் தடுக்கி விழுவதை இருவருமே கேட்டோம். அன்று அவர் முகம் வாடிப்போனது.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தது உப்பு வாருகிற காலம். எங்கள் வீட்டு ஜன்னலுக்கு வெளியே உப்பளப் பாத்திகள் ஆரம்பித்துவிடும். விடிந்ததும் ஆட்கள் வந்து பலகையால் உப்பை இழுத்துக் கரையில் குவிப்பார்கள். கட்டிலை ஜன்னலோரம் திருப்பிப் போட்டேன். அதைப் பார்த்துக்கொண்டே படுத்திருப்பார். பாண்டி ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் ஒன்று சொல்லி அனுப்பியிருந்தாள். "பேச்சு போனவங்களுக்குக்கூட பாட்டு சில சமயம் நிக்கும்மா. அவருக்குப் பிடிச்ச பாட்டப் போடுங்க. கூடப் பாடுறாரான்னு பாருங்க."

அவருடைய அக்காவுக்கு இது பிடிக்கவில்லை. கோட்டக்குப்பத்திலிருந்து வந்து தம்பி பக்கத்தில் உட்கார்ந்து அழுதவர், நான் வாளியை எடுத்துவந்ததைப் பார்த்துக் கொதித்துவிட்டார்.

"நோயாளி தலமாட்டுல பாட்டா போடுற? யாசீன் ஓதுடி."

"ஓதுறேன்க்கா. தெனமும் ஓதிக்கிட்டுத்தான் இருக்கேன். டாக்டர் பொண்ணு சொன்னதையும் செய்றேன்."

நான் குர்ஆனை எடுத்து யாசீன் ஓதும்போது அவர் கண்ணை மூடி அசையாமல் இருப்பார். அன்றும் ஓதி முடித்துக் கிதாபை மேலே வைத்துவிட்டு வந்தேன். அக்கா எழுந்து அடுத்த அறைக்குப் போனார். போனை வாளிக்குள் வைத்து அந்த மெட்டைப் போட்டேன்.

அவர் கண்ணைத் திறந்தார். அவர் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. வாயை மூடிக்கொண்டே, குட்டையாக ஒன்று. விட்டு, இன்னொன்று. அப்புறம் நீளமாக, கீழே இறங்கி, கடைசியில் கொஞ்சம் மேலே ஏறி ஒன்று. அவர் அந்த மெட்டைப் பாடவில்லை. அதில் போய்ச் சேரவும் இல்லை. அது ஒரு பக்கம் ஓட, இவர் வேறொன்றை முணகிக்கொண்டு கூடவே போய்க்கொண்டிருந்தார். என்னாலும் அவராலும் ஒருநாளும் முடியாமல் போனதை, வாய் போன பிறகு செய்துகொண்டிருந்தார். நடுவில் மெட்டு வெளிச்சமாக மாறுகிற இடத்தில் நிறுத்தினார். அது தாண்டியதும் மறுபடியும் ஆரம்பித்தார்.

விடை அவர் வாயில் இருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அது என்ன பாட்டு என்பதுதான் தெரியவில்லை.

அதைப் போனில் பதிவு செய்துகொண்டு, நானும் வருகிறவர்களை எல்லாம் நிறுத்திக் கேட்க ஆரம்பித்தேன். அவருடைய பைத்தியம் எனக்கு ஒட்டிக்கொண்டது என்று ஊரில் பேசியிருப்பார்கள். பேசட்டும். அனுமந்தையிலிருந்து ஐஸ் பெட்டி வாங்க வந்த மீன்காரர், "இன்னாம்மா கேக்கற, வல இழுக்கற பாட்டுதான் பாடறாரு பாய்" என்றார். அக்கா கேட்டுவிட்டு, தன்னுடைய கல்யாணத்தில் மாப்பிள்ளை ஊர்வலத்தில் பாடிய பைத் என்கிற பாட்டு என்றார். சொல்லும்போதே அவருக்குக் கண்ணீர் வந்தது. கத்தாரில் இருக்கும் என் மகன், தான் சின்ன வயசில் அத்தாவோடு போனில் பாடிய சினிமாப் பாட்டு என்றான். பாட்டின் பெயரைக் கண்டுபிடிக்கிற ஒரு ஆப் இருக்கிறது என்று சொல்லி அதற்கும் போட்டுக் காட்டினான். ஆப்புக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆளாளுக்கு அவர்கள் தேடுகிற மனுஷனைத்தான் அந்த முணகலில் கேட்டார்கள்.

ஒவ்வொரு விடையாக அவரிடம் கொண்டுபோவேன். "வல இழுக்கற பாட்டா?" "இல்ல." "ஊர்வலத்துல பாடுனதா?" "இல்ல." "நம்ம பையன் சொல்றானே, அந்த சினிமாப் பாட்டா?" "இல்ல." சொல்லிவிட்டு என் முகத்தையே பார்ப்பார். அது மறுப்பா, சம்மதமா, வேறு எதுவுமா என்று நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்? ஒருநாள் தாங்க முடியாமல் அந்தச் செத்துப்போன இங்கிலீஷ்காரர்மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. வாய் இருந்தது, கேட்க ஆள் இருந்தது, சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதானே? இங்கே ஒருத்தர் சொல்லத் தவித்துக்கொண்டு கிடக்கிறார். அடுப்படியில் நின்று வாய்விட்டு அழுதேன்.

பொம்மையார்பாளையத்தில் ஒரு வெள்ளைக்கார அம்மா இருக்கிறார். தன் நாயைக் குளிப்பாட்டப் பெரிய தொட்டி தேடி எங்கள் கடைக்கு வந்தவர். பல வருஷமாக இந்தப் பக்கமே இருப்பதால் தமிழ் நன்றாகப் பேசுவார். செல்லோ வாசிப்பவர். உட்கார்ந்து முழங்காலுக்கு நடுவே நிறுத்தி வாசிக்கிற பெரிய வாத்தியம் அது. தொட்டி வாங்க வந்த அன்றே என் வீட்டுக்காரர் அவரிடம் இந்த மெட்டைப் பற்றிப் பேச, அதிலிருந்து இருவருக்கும் சிநேகம். விஷயம் கேள்விப்பட்டு ஒருநாள் முற்பகலில் வாத்தியத்தோடு வந்தார். கட்டிலுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, அந்த மெட்டை மெதுவாக வாசித்தார். இவர் முணகினார். அவர் நிறுத்தி, மறுபடி வாசித்தார். இவர் மறுபடி முணகினார், அதே இடங்களில்.

வாசித்து முடித்து அந்த அம்மா வில்லை மடியில் வைத்தார். "பாய் சும்மா முணகல. இந்த மெட்டுல ஒரு விஷயம் இருக்கு. தாளத்துல முதல் தட்டு விழும் இல்ல, அந்த எடம் காலி. ஒவ்வொரு தடவையும் ஒரு தட்டு விட்டுட்டுத்தான் மெட்டு ஆரம்பிக்கும். பாய் கரெக்டா அந்தக் காலி எடத்துல வர்றாரு."

"நடுவுல ஏன் நிறுத்திடுறாரு?"

"நடுவுல காலி எடம் இல்ல. அங்க மெட்டு விடாம ஓடும்."

"அப்ப அவரு பாடுறது என்ன பாட்டுங்க?"

அவர் தலையை ஆட்டினார். "எனக்குத் தெரிஞ்ச எந்தப் பாட்டும் இல்ல. ஆனா பொருந்துது."

அவர் போன பிறகு எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. காலி இடத்தில் வருகிறார், சரி. காலி இடத்தில் வந்து என்ன சொல்கிறார்?

அதற்கடுத்த வாரம் அக்கா போன் பண்ணினார். எனக்குக் கையில் மாவு, அதனால் ஸ்பீக்கரில் போட்டுக் கட்டில் ஓரமாக வைத்தேன். அக்கா ஆரம்பித்தால் லேசில் நிறுத்த மாட்டார். மருமகள் சொன்னது, அதற்குத் தான் சொன்னது, மகன் வாயைத் திறக்காமல் இருந்தது என்று நீளமாகப் போய்க்கொண்டிருந்தது. நான் சப்பாத்தி மாவைப் பிசைந்துகொண்டிருந்தேன், அக்காவுக்குப் பதில்கூடச் சொல்லவில்லை. ஆனாலும் அக்கா நிறுத்தாமல் பேசிக்கொண்டே இருந்தார். ஏனென்றால் அவருக்குப் பதில் போய்க்கொண்டிருந்தது.

அக்கா மூச்சு வாங்குகிற இடத்தில் கட்டிலிலிருந்து குட்டையாக ஒன்று. அடுத்த இடத்தில் இன்னொன்று. அக்கா குரல் உடைந்த இடத்தில் நீளமாக, கீழே இறங்கி, மேலே ஏறி ஒன்று.

உம் கொட்டிக்கொண்டிருந்தார்.

மாவுக் கையோடு அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். ஊரே கூடி அது என்ன பாட்டு என்று கேட்டோம். பாட்டோடு கேட்டதால் பாட்டாகவே கேட்டோம். வலை இழுக்கிறவர் பாட்டில் தேடினோம், சினிமாவில் தேடினோம், மாப்பிள்ளை ஊர்வலத்தில் தேடினோம். வேறு யாருக்குத் தெரியாமல் போனாலும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? அவர் மஸ்கட்டில் இருந்த அத்தனை வருஷமும் எங்கள் குடித்தனம் நடந்ததே அந்தச் சத்தத்தில்தான். வெள்ளிக்கிழமை போன் வரும். நான் பேசுவேன். பிள்ளைக்குக் காய்ச்சல், மழையில் பாத்தியெல்லாம் முழுகிவிட்டது, பக்கத்து வீட்டில் சண்டை, மாமியார் கோபித்துக்கொண்டது. அவர் அந்தப் பக்கம் "ம்... ம்... ம்ம்" என்பார். வேறு எதுவும் அவர் சொல்லி நினைவில்லை. அந்தச் சத்தம் ஒரு நொடி வரவில்லையென்றால், "ஹலோ, லைன்ல இருக்கீங்களா?" என்று பதறிப்போய்க் கத்துவேன். அது வந்துகொண்டிருக்கிற வரைக்கும் பேசுவது என் ஒருத்தியின் குரல்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த இங்கிலீஷ்காரர் ஒளித்து வைத்தது இதுதானா என்று எனக்குத் தெரியாது. படித்தவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஒரு "ம்" எப்படி மெட்டாகும், அதை எந்தத் தாளில் எழுதிக் காட்டுவாய் என்று கேட்பார்கள். ஆனால் கூட்டாளிகளுக்காக எழுதினதுதானே அது? கூட்டாளி என்றால் யார்? நாம் பேசும்போது உம் கொட்டுகிற ஆள். அது நம் பேச்சு மாதிரி இருக்காது, நம் பேச்சோடு இடித்துக்கொள்ளாது, கடைசி வரை கூடவே வரும். பாட்டைக் கேட்கிறவர்கள் யாருக்கும் அது காதில் விழாது. அதற்காகத்தான் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் இடம் விட்டு எழுதினாரோ என்னவோ.

அக்காவிடம் அப்புறம் பேசுகிறேன் என்று போனை வைத்தேன். கையைக் கழுவிக்கொண்டு வந்து கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"உம் கொட்டறதுதானே அது? அன்னிக்கு எனக்கு மொதல்ல சொல்றேன்னீங்களே, இதானா?"

"இல்ல" என்றார்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இத்தனை நாள் கேள்வியாகக் கேட்டுக் கேட்டு நான் செய்த தப்பு அப்போதுதான் உறைத்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் இந்த வீட்டில் பேசிக்கொண்டிருந்தது நான்தான். நான் கேட்டேன், ஊர் கேட்டது, மகன் கேட்டான். அவர் வாயைத் திறந்தால் அதற்குள் அடுத்த விடையைக் கொண்டுபோய் நீட்டினோம். சொல்கிறேன் என்ற மனுஷனைச் சொல்ல விட்டவர்கள் யாரும் இல்லை.

"சரி, நான் கேக்கல. நீங்க சொல்லுங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் மெதுவாக, "இல்ல" என்றார். நான் "ம்" என்றேன்.

"இல்ல, இல்ல..."

"ம்."

அவருக்குக் குரல் ஏறியது. இடது கையைத் தூக்கிக் காற்றில் ஒரு கோடு போட்டார். "இல்ல இல்ல இல்ல, இல்ல?" என்று கேட்டு நிறுத்தினார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆனால் கேள்வி கேட்டார் என்பது விளங்கியது. "ம்ம்" என்று இழுத்தேன். சரியென்று தலையை ஆட்டிவிட்டு மேலே போனார். ஒரு இடத்தில் குரலைத் தாழ்த்தி ரகசியம் மாதிரி சொன்னார். ஒரு இடத்தில் அவரே சிரித்தார், நானும் சிரித்தேன். யாரோ ஒருவரைப் போலப் பேசிக் காட்டினார், அது டீக்கடைக்காரராக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். விரலால் கட்டில் சட்டத்தில் தட்டி, ஒரு தட்டு விட்டு, அங்கே என் முகத்தைப் பார்த்தார். அந்தக் காலி இடத்தில் நான் "ம்" என்றேன். அவர் கண் நிறைந்துவிட்டது. முந்தானையால் அதைத் துடைத்துவிட்டதில் என் அடுத்த "ம்" வரக் கொஞ்சம் தாமதமானது. உடனே நிறுத்திவிட்டு என்னை உற்றுப் பார்த்தார்.

"இருக்கேன், இருக்கேன். சொல்லுங்க."

அவர் சொன்னார். அந்த ஒரே வார்த்தையை வைத்துக்கொண்டு, அன்று காலை நெறைய சொல்லணும் என்றாரே, அத்தனையும் சொன்னார். முடிக்கும்போது குரல் சமாதானமாகக் கீழே இறங்கி நின்றது. தலையணையில் சாய்ந்து, சொல்லி முடித்தவர் விடுகிற பெருமூச்சை விட்டார். நான் ஒரு வார்த்தையும் புரியாமல், கடைசி வரை உம் கொட்டிக் கேட்டேன்.